பென்சில் குறி இல்லாத கோடு

படிவம் மூன்று பக்கம், ஆங்கிலத்தில். நான்கு முறை படித்துவிட்டேன். இதை எழுதியவருக்கு நோயாளிகளைவிட வக்கீல்கள் மீதுதான் பயம் அதிகம் என்று தெரிகிறது. முதல் பக்கத்தில் என் மனைவியின் பெயர், குஞ்சிதம், வயது அறுபத்து மூன்று. இரண்டாம் பக்கத்தில் அவளுடைய குரல்வளையை முழுவதுமாக அகற்றுவதற்குச் சம்மதம். மூன்றாம் பக்கத்தில் இரண்டு கோடுகள். மேல் கோட்டுக்கு அடியில் 'நோயாளி' என்று அச்சடித்திருக்கிறது. கீழ்க் கோட்டுக்கு அடியில் 'நோயாளிக்காகக் கையெழுத்திடும் உறவினர்'. கீழ்க் கோட்டின் ஓரத்தில் சிஸ்டர் ஜெசிந்தா பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி போட்டுத் தந்திருக்கிறார். மேல் கோட்டில் குறி இல்லை. "குறி போட்ட எடத்துல மட்டும் போட்டாப் போதும் சார். அஞ்சு மணிக்கு ஆபரேஷன் லிஸ்ட் போயிடும், அதுக்குள்ள குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். இப்போது மணி மூன்று நாற்பது. டாக்டர் இளவழகன் செவ்வாயும் வெள்ளியும்தான் ஆபரேஷன் செய்வார். நாளை செவ்வாய். குஞ்சிதம் முதல் கேஸ். நான் உட்கார்ந்திருக்கும் இரும்பு நாற்காலி இன்னும் இரண்டு நாற்காலிகளோடு சேர்த்துத் தரையில் முடுக்கப்பட்டிருக்கிறது, எவனாவது தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்று. நாற்காலிக்கு இருக்கிற பாதுகாப்பு. எதிரே அறை எண் இருநூற்றுப் பதினாலு. கதவு ஒரு விரற்கடை திறந்திருக்கிறது. அதன் வழியாக அவள் குரல் வருகிறது, எட்டு மாதமாகக் கம்மிப்போய், சருகை மிதித்துக்கொண்டு யாரோ நடக்கிற மாதிரி ஆகிவிட்ட குரல், தம்பி சபாநாயகத்திடம் எதற்கோ கணக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறது. தொண்டையில் ஒரு முடிச்சு, நாளைக்கு எடுத்துவிடுவார்கள், அப்புறம் இரண்டு நாள் பேசக் கூடாது. அவளுக்குச் சொல்லியிருப்பது இவ்வளவுதான். காலையில் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "ரெண்டு நாள் நிம்மதியா இருந்துக்குங்க" என்றாள். நானும் சிரித்தேன். என்னால் சிரிக்க முடிந்தது என்பதைத்தான் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பென்சில் குறி எனக்குப் பழைய சிநேகிதம். பதிவுத் துறையில் முப்பத்து நாலு வருடம், கடைசிப் பதினொரு வருடம் சார்பதிவாளர். பத்திரம் எழுதுகிறவர்கள் ஒவ்வொரு தாளிலும் இப்படித்தான் குறி போட்டுக் கொண்டுவருவார்கள். எழுதிக் கொடுக்கிறவர் வரிகளைப் பார்க்க மாட்டார், குறிகளை மட்டும் பார்ப்பார். குறி இருந்தால் கையெழுத்து, அல்லது இடது கைப் பெருவிரல். நான் கேள்வி கேட்பேன், சட்டப்படி கேட்க வேண்டும்: உங்கள் சொந்த நினைவோடு, யாருடைய நிர்ப்பந்தமும் இல்லாமல், படித்துப் பார்த்தும் படிக்கச் சொல்லிக் கேட்டும் எழுதிக் கொடுக்கிறீர்களா. ஆமாங்க. அடுத்தவர். ஒரு நாளைக்கு முப்பது ஆமாங்க. பல் தேய்ப்பது போல ஒரு கேள்வி. லால்குடியில் இருந்தபோது அங்கம்மாள் என்று ஒரு அம்மாள் வந்தாள், இரண்டு அண்ணன்கள் ஆளுக்கொரு பக்கம் நின்றுகொண்டு, அப்பாவின் நிலத்தில் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம். கேட்டேன். ஆமாங்க என்றாள். மூன்று மாதம் கழித்துத் தனியாக வந்து, மத்தியானம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்து, கூட்டம் கலைந்த பிறகு என் மேசைக்கு வந்தாள். "அய்யா, அன்னிக்கு நான் எதுக்கு ஆமான்னு சொன்னேன்?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது போலக் கேட்டாள். நகலை எடுத்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன். எல்லைகள், அளவுகள், கிணற்றில் பாத்தியம், எல்லாம். முழுக்கக் கேட்டாள். பிறகு எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "நல்லாப் படிக்கிறீங்க. அன்னிக்கே படிச்சிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். வயதானவர்கள், பெண்கள், படுக்கையில் கிடப்பவர்கள் யாராயிருந்தாலும் கூட வந்தவர்களைப் பார்த்து, "எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க." பிறகு தனியாகப் படிப்பேன், தனியாகக் கேட்பேன். ஊரில் எனக்கு 'வெளிய இருங்க' என்றே பெயர் விழுந்தது. குஞ்சிதம் அந்தப் பெயரை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டாள். கறிகாய்க்காரனிடம்கூட, "வெளிய இருங்க தூங்கறாரு, சத்தம் போடாதப்பா" என்பாள்.

பன்னிரண்டு நாளைக்கு முன் அதே இரண்டு வார்த்தையை இன்னொருவர் சொல்லக் கேட்டேன். டாக்டர் இளவழகனின் அறை, மேசைமேல் ரப்பரில் செய்த குரல்வளை பொம்மை ஒன்று, அதன் ஒரு பாதி கழன்று தனியாகக் கிடந்தது. நல்ல பிள்ளை, நாற்பது வயதிருக்கும், பேசும்போது கண்ணைப் பார்ப்பார். பரிசோதனை முடிவுகளைப் புரட்டியவர் நிமிர்ந்து குஞ்சிதத்தைப் பார்த்தார். "அம்மா, பி.பி. பாக்கணும், நீங்க கொஞ்சம் வெளிய இருங்க, சிஸ்டர் பாப்பாங்க" என்றார். அவள் எழுந்து போனாள், கைப்பையை என் மடியில் வைத்துவிட்டு. நான் ஆயிரம் தடவை சொன்ன வார்த்தை, ஆனால் வெளியே போனது தப்பான ஆள். சொத்துக்கு உடையவரை வெளியே நிறுத்திவிட்டு உறவுக்காரர்களிடம் பத்திரத்தைப் படித்துக் காட்டுவது எங்கள் ஆபீசில் நடந்திருந்தால் அன்றைக்கே என்னைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்திருப்பார்கள். இங்கே யாரும் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. சபாநாயகம் இருந்தான், என் மகள் வினோதினி இருந்தாள், நான் மடியில் கைப்பையோடு இருந்தேன். புற்று என்றார். முழுக்க எடுப்பதுதான் உறுதியான வழி, கழுத்தில் ஒரு துளை, அதன் வழியாகத்தான் இனி மூச்சு, இயல்பான பேச்சு போய்விடும், பிற்பாடு வால்வு வைத்துப் பழக்கினால் ஒரு மாதிரி பேசலாம், எல்லாருக்கும் வராது. வேறு வழி இல்லையா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். கதிர்வீச்சும் மருந்தும் சேர்த்து ஏழு வாரம், குரல் தங்கலாம், ஆனால் நோய் திரும்பி வந்தால் அப்போது கத்தி வைப்பது இன்னும் சிரமம். "அம்மாகிட்டயும் பேசிடறது நல்லது" என்றார். சபாநாயகம் முந்திக்கொண்டான். "வேணாம் டாக்டர். அக்கா தாங்காது. நாங்க இருக்கோம்ல, நாங்க சொல்றோம், எடுத்துடுங்க." டாக்டர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை ஒரு கேள்வி. எனக்கு அது தெரியும், நானே முப்பத்து நாலு வருடம் கேட்ட கேள்வி அது. நான் கைப்பையின் ஜிப்பை மூடினேன். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது. ஜிப்பை மூடியதை ஆமாங்க என்று எடுத்துக்கொண்டார்.

மூன்று ஐம்பத்தைந்து. கீழ்க் கோட்டுக்கும் கீழே இன்னொரு இடம் விட்டிருக்கிறார்கள், இதை முதல் மூன்று முறை படிக்கும்போது கவனிக்கவில்லை, கவனிக்காமல் இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். 'நோயாளி தாமே கையெழுத்திட இயலாத காரணம்.' பிறகு ஒரு முழ நீளத்துக்குப் புள்ளிகள். என்னிடம் ஒரு வெற்றிடத்தைக் கொடுத்தால் அதில் உண்மையைத்தான் எழுத வேண்டும் என்று தோன்றிவிடும், இது ஒரு வியாதி, இதற்கு இந்த ஆஸ்பத்திரியில் வார்டு இல்லை. என்ன எழுதலாம். மயக்கத்தில் இருக்கிறார்: இல்லை, உள்ளே சபாநாயகத்தை வாட்டி எடுத்துக்கொண்டிருக்கிறார். மைனர்: அறுபத்து மூன்று. புத்தி சுவாதீனம் இல்லை: அப்படி எழுதினால் மூன்றாம் பக்கத்தை என் வாயிலேயே திணிப்பாள். கையெழுத்துப் போடத் தெரியாது: தந்தி தபால் துறைப் பரீட்சையில் கையெழுத்துக்கே தனியாகப் பாராட்டு வாங்கியவள். ஜெசிந்தா மருந்துத் தள்ளுவண்டியோடு வந்தபோது எழுந்து நின்று கேட்டேன். "இந்தக் காரணம்ங்கிற எடத்துல என்னம்மா எழுதணும்?" அவர் எட்டிப் பார்த்தார். "அதா. குடும்பத்தார் விருப்பம்னு போடுங்க சார். எல்லாரும் அதான் போடுவாங்க." "விருப்பம் எப்படிம்மா காரணம் ஆகும்? அவளால ஏன் முடியலன்னுல்ல கேட்டிருக்கு." வண்டியின் ஒரு சக்கரம் கிரீச்சிட்டது. ஜெசிந்தாவுக்கு இருபத்தைந்து இருக்கலாம், காலை ஆறு மணியிலிருந்து நிற்கிறார். "சார், நீங்க வாத்தியாரா?" "இல்ல, ரெஜிஸ்ட்ரார்." "அதுக்கு மேல" என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். பிறகு நாலு அடி தள்ளி நின்று திரும்பி, தணிந்த குரலில், "அம்மாவுக்குத் தெரியாதுங்களா சார்?" என்றார். நான் மூன்றாம் பக்கத்தைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார், இந்த மாடியில் பாதிக் கதவுகளுக்குப் பின்னால் இதே கதைதான் என்பது போல. புள்ளிகள் அப்படியே இருக்கின்றன. ஒரே ஒரு காரணம்தான் அதில் பொருந்துகிறது, நானும் மனத்துக்குள் எழுதிப் பார்த்துவிட்டேன், அழகாக வருகிறது: அவரை யாரும் கேட்கவில்லை.

கதவைத் திறந்து வினோதினி வந்தாள், பிளாஸ்க்கோடு, கதவைப் பின்னால் சாத்திவிட்டு. உட்காரவில்லை, நின்றபடி மூடியில் காப்பி ஊற்றி நீட்டினாள். "இன்னுமா போடல?" என்றாள். "படிக்கிறேன்." "எத்தன தடவப்பா படிப்பீங்க, அது என்ன மாறவா போகுது." மாறாது. நான்தான் மாற வேண்டும், அதற்குத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன் என்று சொல்லவில்லை. "அம்மாகிட்ட சொல்லிடலாம்னு பாக்கறேன்" என்றேன். காப்பி மூடியில் வழிந்தது. "அப்பா. நாம பேசி முடிச்சது. ஆபரேஷனுக்கு முன்னாடி சொன்னா பயந்து வேணாம்னு சொல்லிட்டா? நாளைக்கு அம்மா இல்லாமப் போயிட்டா நீங்க உங்க ரூல் புஸ்தகத்தக் கட்டிக்கிட்டு அழுவீங்களா?" இவள் குரல் அப்படியே இளம் வயதுக் குஞ்சிதம். பயந்திருக்கிறாள், என்னைவிட. அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது, இருப்பதுதான் தொல்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டால். சொல்லட்டும் என்று என் வாய் சொல்லும், வயிறு சொல்லாது. ஆனால் இந்த வாதத்தை நான் எங்கோ கேட்டிருக்கிறேனே என்று பார்த்தால், அங்கம்மாளின் பெரிய அண்ணன். "அதுங்கிட்ட வெவரமாச் சொன்னா வேணாம்னுடும்ங்க" என்றான் என் மேசைக்கு முன்னால். அவன் எடுத்துக்கொள்வதற்காகச் சொன்னான், இவள் காப்பாற்றுவதற்காகச் சொல்கிறாள், மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம், ஆனாலும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவளுக்கு என்ன வித்தியாசம். "அம்மா இப்ப கடைசியா என்ன சொன்னா?" என்று கேட்டேன். "என்ன?" "நீ வரும்போது என்ன சொன்னா?" வினோதினி யோசித்தாள். "ஃபேனக் கொஞ்சம் கொறைன்னாங்க. ஏன்?" ஒன்றுமில்லை என்றேன். அவள் உள்ளே போனாள். ஃபேனைக் கொஞ்சம் குறை. நாளைக் காலை ஆறு மணிக்குள் அவள் சொல்லப்போகும் ஏதோ ஒரு வாக்கியம் அவள் தன் சொந்தக் குரலில் சொல்லும் கடைசி வாக்கியம், அது ஃபேனைப் பற்றியதாகவோ, செருப்பைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுங்கள் என்பதாகவோ இருக்கும், அதைக் கேட்கிற எங்கள் மூவருக்கும் தெரிந்திருக்கும், சொல்கிற அவளுக்கு மட்டும் தெரியாது.

அவள் வாழ்ந்ததே குரலில்தான். திருச்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தெட்டு வருடம், அதில் முதல் பத்து வருடம் ட்ரங்க் கால் பலகை. தலையில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, பின்னலைத் தோளுக்குப் பின்னால் எறிந்துவிட்டு, கம்பிகளை இங்கே பிடுங்கி அங்கே சொருகி, பேசுகிறவர்களுக்கு நடுவில் மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை நுழைந்து, "மூணு நிமிஷம் ஆச்சு, நீட்டிக்கலாமா?" கேட்காமல் வெட்டவும் கூடாது, கேட்காமல் நீட்டவும் கூடாது, அதுதான் விதி. கல்யாணமான புதிதில் நான் விதிகளைப் பற்றிப் பேசினால் என் பேச்சுக்கு நடுவிலும் இதைச் சொல்லி நிறுத்துவாள். அந்தக் காலத்தில் சாவுச் செய்தியை யாரும் போனில் சொல்ல மாட்டார்கள். 'சீரியஸ், உடனே புறப்படு' என்பார்கள், கேட்கிறவன் ரயிலில் இரண்டு நாள் நம்பிக்கையோடு வர வேண்டும், வாசலில் பந்தலைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். எண்பத்தாறில் ஒருத்தர் வடக்கே பிலாயிலிருந்த தம்பிக்கு அப்படித்தான் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். தம்பி வைக்கவில்லை. கம்பியில் ஆபரேட்டர் இருப்பது அவனுக்குத் தெரியும். "சிஸ்டர், நீங்க கேட்டிருப்பீங்க. எங்க அப்பா இருக்காரா?" என்றான். காலையிலிருந்து அதே நம்பரிலிருந்து போன ஐந்து கால்களையும் குஞ்சிதம்தான் போட்டுக்கொடுத்திருந்தாள், எல்லாவற்றிலும் எத்தனை மணிக்கு உயிர் போனது, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்ற பேச்சு. "இல்லைங்க. விடியக்காலை அஞ்சு மணிக்கு" என்றாள். "நன்றி சிஸ்டர். ரெண்டு நாள் ரயில்ல பொய்ய நம்பிக்கிட்டு வந்திருப்பேன்" என்று சொன்னானாம். அண்ணன்காரர் புகார் எழுதினார், அவளுக்கு மெமோ வந்தது. விளக்கக் கடிதத்தை நான்தான் எழுதிக் கொடுத்தேன். நல்ல கடிதம், நானே சொல்லக் கூடாது. கடைசி வரி, 'இனி இவ்வாறு நடவாது என்று உறுதி கூறுகிறேன்.' முழுக்கப் படித்தாள், பேனாவை எடுத்து அந்தக் கடைசி வரியை ஒரே கோடாக அடித்தாள், கீழே கையெழுத்துப் போட்டாள். "மத்ததெல்லாம் சரியா எழுதியிருக்கீங்க. இது பொய். நாளைக்கு ஒருத்தன் கேட்டா நாளைக்கும் சொல்லுவேன்." கண்டனம் அவளுடைய பணிப் புத்தகத்தில் ஏறியது. அந்த அடித்த வரியின் நகல் இன்னும் வீட்டில் அலமாரியில் கோப்பில் இருக்கிறது, கோப்பில் போட்டவன் நான்.

அப்படியென்றால் என்ன. ஒரு முன்பத்திரம் இருக்கிறது, அந்த அடித்த வரிதான், அடித்தது அவளே, அவள் கையொப்பத்தோடு, முப்பத்தெட்டு வருடமாக யாரும் ரத்து செய்யவில்லை. இந்த நடைபாதையில் உட்கார்ந்து அவள் என்ன விரும்புவாள் என்று நான் ஊகித்துக்கொண்டிருப்பது சுத்த நடிப்பு. ஆனாலும் எதிர்த் தரப்பையும் கேட்க வேண்டும். மனிதர்கள் மாறுவார்கள், அன்று அவளுக்கு இருபத்தைந்து, அடுத்தவன் அப்பாவைப் பற்றி உண்மை பேசுவது சுலபம், தன் கழுத்தைப் பற்றிக் கேட்பது வேறு. தெரிய வேண்டாம், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒருவர் சொல்லலாம், சொல்ல அவர்களுக்குப் பாத்தியதை உண்டு. உண்டு. ஆனால் அதையும் அவளல்லவா சொல்ல வேண்டும். அதிகாரம் கொடுக்காமல் அதிகாரப் பத்திரம் ஏது. சரி, இந்த வாதமும் முடிந்தது, இன்னும் ஏன் நாற்காலியை விட்டு எழவில்லை. அக்கா தாங்காது, அம்மா தாங்க மாட்டாள் என்று பன்னிரண்டு நாளாக ஆள்மாற்றி ஆள் சொன்னோம், தாங்காதவர் யார் என்று எழுத ஒரு கட்டம் இருந்தால் அதில் என் பெயர்தான் வரும், தெய்வசிகாமணி, வயது அறுபத்தெட்டு. சொல்லும்போது அவள் முகம் எப்படி ஆகும் என்று பார்க்கத் தைரியமில்லை, அவ்வளவுதான், மீதியெல்லாம் அதற்கு மேல் போட்ட துணி. சொல்லாவிட்டால் பார்க்க வேண்டியிருக்கும் முகம் எது என்று இன்றுதான் நினைத்துப் பார்க்கிறேன். நாளைக்கோ மறுநாளோ மயக்கம் தெளிந்து கண்ணைத் திறப்பாள், வழக்கம்போல என்னைக் கூப்பிட வாயைத் திறப்பாள், என்னங்க என்று உதடு அசையும், காற்று கழுத்திலிருந்து போகும். மறுபடி கூப்பிடுவாள், இன்னும் பலமாக. மூன்றாவது தடவை அவளுக்குப் புரியும். அப்போது அவள் என்னைப் பார்ப்பாள், அன்னிக்கு நான் எதுக்கு ஆமான்னு சொன்னேன் என்று கேட்க அவளுக்கு வாய் இருக்காது. அங்கம்மாளுக்காவது அது இருந்தது. நான்கு இருபது. எழுந்துவிட்டேன். முழங்கால் சொடுக்கிட்டது. சட்டைப் பையில் பேனா இருக்கிறது, மூக்குக் கண்ணாடி இருக்கிறது, ஜெசிந்தா விட்டுப்போன பென்சில் இருக்கிறது. ஆறு அடி. லால்குடியில் மரணப் படுக்கைகளுக்கு வயல் வரப்பில் இரண்டு மைல் நடந்து போயிருக்கிறேன்.

உள்ளே சபாநாயகம் ஜன்னலோரம் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான், வினோதினி போர்வை மடித்துக்கொண்டிருந்தாள், குஞ்சிதம் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய இருங்க" என்றேன். பத்து வருடம் கழித்து அந்தக் குரல் தானாக வந்தது, மேசையும் முத்திரையும் இல்லாமலே. சபாநாயகத்தின் கை ஆரஞ்சில் நின்றது. "அத்தான், வேணாம். ஒரு நிமிஷம் இப்படி வாங்க, பேசலாம்." "பேசிட்டோம் சபா, பன்னண்டு நாளா பேசிட்டோம்." வினோதினி, "அப்பா" என்றாள், மடித்த போர்வையைக் கையில் பிடித்தபடி. குஞ்சிதம் மூன்று பேரையும் வரிசையாகப் பார்த்தாள். என் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். "போங்களேன், ரெண்டு பேரும். வெளிய இருங்க வந்திருக்காருல்ல" என்றாள் அந்தச் சருகுக் குரலில். போனார்கள். கதவைச் சாத்தினேன். நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "இது உன் பேர்ல இருக்கற தாளு. நான் படிக்கிறேன், முழுக்கக் கேளு, அப்புறம் கேக்க வேண்டியதக் கேளு. கேக்க இஷ்டமில்லன்னா இப்பவே சொல்லு, நிறுத்திடறேன்" என்றேன். அவள் தலையணையைச் சரிசெய்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். "படிங்க" என்றாள். ஆங்கில வரியைக் கண்ணால் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். நோயின் பெயரைச் சொன்னேன். முதல் பக்கம் முடிந்தது. இரண்டாம் பக்கத்தில் அந்த வரி வந்ததும் எழுத்துகள் கண்ணாடிக்குள் நீந்தின, நிறுத்தினேன். "நிறுத்தாதீங்க. லைன்லதான் இருக்கேன்" என்றாள். முழுவதுமாக அகற்றுதல் என்று படித்தேன். கழுத்தில் துளை என்று படித்தேன். அதில் எழுதாத அந்த ஏழு வார வழியையும், குரல் தங்கலாம் என்பதையும், உறுதி குறைவு என்பதையும் டாக்டர் சொன்னபடியே கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அவள் கை தொண்டைக்குப் போயிருந்தது, அங்கேயே இருந்தது.

"முடிச்சு இல்ல." "இல்ல." "சபாவுக்குத் தெரியும்." "தெரியும்." "இவளுக்கும்." "தெரியும்." "அந்த டீ கொண்டார்ற பொண்ணுக்கு?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. கோபம் வந்தது, மெதுவாக, காதிலிருந்து கழுத்துக்குச் சிவப்பாக இறங்கி வந்தது. "பன்னண்டு நாள்" என்றாள். "பன்னண்டு நாளா இந்தத் தொண்டைய வச்சுக்கிட்டு நான் என்ன பேசினேன் தெரியுமா? தோசைக்கல்லுல எண்ணெ விடுங்கன்னேன். கேஸ் மூடினீங்களான்னேன். சீரியல்ல வர்ற அந்தக் கழுதயத் திட்டினேன். பன்னண்டு நாள் பேச்ச வீணாக்கிட்டீங்களே." இதை நான் யோசிக்கவே இல்லை. எல்லாப் பக்கமும் யோசித்தேன் என்று பெருமையாக இருந்தேன், இந்தப் பக்கம் வரவே இல்லை. நாங்கள் மறைத்தது நோயை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். "தப்புதான்" என்றேன். "தப்புதான்" என்று அவளும் சொன்னாள், பதிவு செய்துகொள்வது போல. பிறகு கையை நீட்டினாள். "கண்ணாடியக் குடுங்க." என் கண்ணாடியையே மாட்டிக்கொண்டு மூன்று பக்கத்தையும் தானே படித்தாள், உதடு அசைய, அவசரமில்லாமல். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமல் இருந்தேன். "டாக்டர் அடுத்து என்னிக்குக் கத்தி எடுப்பாரு?" "வெள்ளி." "மூணு நாளுல அது ஒண்ணும் ஓடிப் போயிடாதுல்ல?" "போகாதுன்னு நெனைக்கிறேன். அவரத்தான் கேக்கணும்." "கேக்கறேன். வரச் சொல்லுங்க, எங்கிட்ட வந்து பேசச் சொல்லுங்க. கத்தியா, ஏழு வாரமான்னு நான்தான் சொல்லுவேன். எது ஆனாலும் நாளைக்கு இல்ல." என் பேனாவை வாங்கி முதல் பக்கத்தில் செவ்வாய்க்கிழமைத் தேதியை ஒரே கோடாக அடித்தாள், மெமோவில் அடித்த அதே கை. "நீட்டிக்கலாமான்னு யாரும் கேக்கல. நானே நீட்டிக்கிறேன்." மூன்றாம் பக்கத்துக்கு வந்தாள். பென்சிலைக் கேட்டு வாங்கி, அதன் பின்புற ரப்பரால் கீழ்க் கோட்டிலிருந்த பெருக்கல் குறியைத் தேய்த்து ஊதினாள். மேல் கோட்டின் ஓரத்தில், நோயாளி என்ற இடத்தில், அளவாக ஒரு குறி போட்டாள். கையெழுத்துப் போடவில்லை. காரணம் கேட்கும் புள்ளிகளின் மேல் நான் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன், காலி இடத்தில் பிற்பாடு யாரும் எதையும் எழுதிவிடாமல் இருக்க ஆபீசில் இழுப்போமே, அந்தக் கோடு.

"இப்ப நீங்க வெளிய இருங்க" என்றாள். "மொதல்ல சபாவ அனுப்புங்க. அவனுக்குக் கொஞ்சம் வச்சிருக்கேன்." நான் வெளியே வந்ததும் இருவரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். வினோதினியின் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, சபாநாயகத்தைப் பார்த்துத் தலையசைத்தேன். உரித்த ஆரஞ்சோடு உள்ளே போனான். நான்கு ஐம்பத்திரண்டுக்கு ஜெசிந்தாவின் மேசையில் படிவத்தை வைத்தேன். புரட்டிப் பார்த்தார், மூன்றாம் பக்கத்தில் நின்றார். "என்ன சார், கையெழுத்தே இல்ல?" "குறி இருக்கு பாருங்க, மேல. டாக்டர் வந்து அவகிட்ட பேசினதும் அந்த எடத்துல போடுவா. எது வேணும்னு எழுதியே போடுவா." "சார், லிஸ்ட்ல ஃபர்ஸ்ட் கேஸ் சார் இது. டாக்டர் என்னத்தான் கேப்பாரு." "கேக்கட்டும். பேஷண்ட் கூப்பிடறாங்கன்னு சொல்லுங்க. பேஷண்ட்டுன்னே சொல்லுங்க." அவர் என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், போனை எடுத்து ஒரு எண்ணைத் தட்டினார். நான் திரும்பி வந்து என் நாற்காலியில், முடுக்கப்பட்ட மூன்றில் நடுவில், வினோதினிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள், ஆனால் காதைக் கதவின் பக்கம் வைத்திருந்தாள். இருநூற்றுப் பதினாலின் கதவு ஒரு விரற்கடை திறந்திருந்தது. உள்ளே அந்தக் கிழிந்த குரல், மூச்சுக்கு ஒரு முறை உடைந்து, உடைந்த இடத்திலிருந்தே மறுபடி ஆரம்பித்து, தம்பியைத் திட்டிக்கொண்டிருந்தது, அவன் பத்தாவதில் தோற்றதை மறைத்ததிலிருந்து தொடங்கி, ஒன்றையும் விடாமல்.